மரபு போற்றும் சுற்றத்தில் மாற்றுக் கருத்துள்ள பெண்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசியலிலும் குடும்ப வழக்கங்களிலும் பழமையைப் போற்றும் சுற்றத்தாருடன் சென்னையில் வாழ்ந்துகொண்டு, அவர்களிடமிருந்து மாறுபட்டுச் சிந்திக்கும் பெண்கள் என்னிடம் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்விகளுக்கான விடைகள் இவை. நான் நங்கநல்லூரில் வளர்ந்து மேற்கு மாம்பலத்தில் வாழ்க்கைப்பட்டவள். என் உறவினரில் பெரும்பாலோர் வாக்களிக்கும் திசைக்கு எதிர்த்திசையில் வாக்களிப்பவள். ஆயினும் அந்த உறவினரின் கல்யாணம், சீமந்தம், பதின்மூன்றாம் நாள் எதையும் தவறவிடாதவள். என் விடைகளில் இவ்விரண்டின் சாயலும் இருக்கும்.

முற்போக்கு என்று சொல்லும்போது எந்தக் கட்சியை மனத்தில் வைத்திருக்கிறீர்கள்?

எந்தக் கட்சியையும் இல்லை. வயதுவந்த பெண்ணின் வாக்கு, திருமணம், வேலை, வழிபாடு, சொத்து ஆகியவற்றை அவளே தீர்மானிக்க வேண்டும். சாதியும் மதமும் பார்த்துச் சட்டமோ மரியாதையோ மாறக்கூடாது. இவ்வளவுதான் நான் கருதுவது. இதை ஒப்புக்கொண்டு எந்தக் கட்சிக்கு வாக்களிப்பவருக்கும் இந்தப் பக்கம் பயன்படும்.

சுயமரியாதை இயக்கம் வேரூன்றிய நகரத்தில் இப்படியொரு சிக்கல் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. வெளியில் எந்தக் கொடியைப் பிடிக்கிறோம் என்பதும், வீட்டுக்குள் எந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்பதும் சென்னையில் சேர்ந்தே நடப்பதில்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்குச் சொத்துரிமையும் துணையைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமையும் வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' என்ற பட்டமே 1938 நவம்பரில் சென்னையில் நடந்த பெண்கள் மாநாட்டில்தான் வழங்கப்பட்டது. இத்தனை இருந்தும், மூன்று தலைமுறையாகத் திராவிடக் கட்சிக்கு வாக்களித்துவரும் வீட்டில், மகள் வேறு சாதிப் பையனின் பெயரைச் சொன்னால் அன்றிரவு அடுப்பு எரிவதில்லை. மறுபுறம், வலதுசாரித் தலைவர்களின் உரைகளை நாள்தோறும் ஒலிபெருக்கியில் கேட்கும் வீட்டில், மகளை மேற்படிப்புக்குத் தனியே அமெரிக்காவுக்கு அனுப்ப ஒருவரும் தயங்குவதில்லை. அங்கே கட்டுப்பாடு அவள் ஊர் திரும்பி, ஜாதகம் எடுக்கும்போதுதான் வெளிப்படும்.

எனவே இந்தக் கேள்விகள் பிராமணக் குடும்பங்கள் மிகுந்த மயிலாப்பூரிலிருந்தும் மாம்பலத்திலிருந்தும் மட்டும் வருவதாக யாரும் நினைக்க வேண்டாம். முஸ்லிம் குடும்பங்கள் மிகுந்த மண்ணடியில் மாமியாருக்குத் தெரியாமல் செய்தித்தாளின் தலையங்கத்தை வாசிப்பவரும், வடநாட்டு வணிகக் குடும்பங்கள் வாழும் சௌகார்பேட்டையில் முக்காட்டுக்கு அடியில் சொந்தக் கருத்து வைத்திருப்பவரும், பெரம்பூரில் போதகர் சொன்ன வேட்பாளரை ஏற்காதவரும் ஏறத்தாழ இதே சொற்களில்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவரும் தம் சமூகத்தில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு கேட்பதுதான் எனக்கு வியப்பு.

தேர்தலன்று மாமனார் எல்லோரையும் ஒரே காரில் வாக்குச்சாவடிக்கு அழைத்துச் செல்கிறார். வெளியே வந்ததும், "அதுக்குத்தானே போட்டே?" என்கிறார். என்ன சொல்வது?

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். வாக்களித்தவர் எவரையும், யாருக்கு வாக்களித்தார் என்று சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது என்று 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு கூறுகிறது. வாக்குப்பதிவு இயந்திரத்தின் அருகில் உள்ள கண்ணாடிச் சாளரத்தில் நீங்கள் அழுத்திய சின்னம் ஏழு நொடிகள் தெரிந்து, பிறகு அந்தத் தாள் பெட்டிக்குள் விழுந்துவிடும். வாக்களிக்கும் மறைப்புக்குள் உங்களுடன் வேறொருவர் வரக்கூடாது. கண் தெரியாதவருக்கும், உடல் நலிவால் பொத்தானை அழுத்த இயலாதவருக்கும் மட்டுமே துணை அனுமதிக்கப்படும். சாவடி வாரியாக எண்ணிக்கை வெளியாவதால், உங்கள் தெருவின் போக்கு கட்சிக்காரர்களுக்குத் தெரியலாம். நூற்றுக்கணக்கான வாக்குகளில் உங்களுடையது எது என்று எவருக்கும் தெரியாது. "எங்களுக்குத் தெரிந்துவிடும்" என்று சொல்பவர் ஒன்று அறியாமையால் சொல்கிறார், அல்லது அச்சுறுத்துகிறார்.

நீதிமன்றமே கேட்க முடியாததை மாமனார் கேட்கலாமா என்பது சட்டத்தில் எளிய கேள்வி. சாப்பாட்டுக் கூடத்தில் அத்தனை எளிதல்ல. என் பரிந்துரை, "என் ஓட்டை நான் யாரிடமும் சொல்றதில்லை மாமா" என்று தேர்தலுக்கு வெகுநாள் முன்பே, பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைப்பது. அதைக் கணவரிடமும், உங்களைப் போலவே வாக்களிக்கும் தோழியிடமும்கூடக் கடைப்பிடியுங்கள். எப்போதும் எவரிடமும் சொல்லாதவர் என்று பெயர் எடுத்துவிட்டால் அது உங்கள் சுபாவமாக எடுத்துக்கொள்ளப்படும். ஒரு தேர்தலில் மட்டும் வாயை மூடிக்கொண்டால் அதுவே ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும்.

பொய் சொல்லலாமா என்றும் கேட்கிறார்கள். அடியோ பட்டினியோ வரும் என்ற அச்சம் உள்ள வீட்டில் தாராளமாகச் சொல்லலாம். வெறும் முகச்சுளிப்போடு போய்விடும் வீட்டில் வேண்டாம். ஒருமுறை ஆமாம் போட்டுவிட்டால் உங்களைத் தம் பக்கத்து ஆளாகவே கணக்கிடுவார்கள். அடுத்த தேர்தலில் துண்டறிக்கையைக் கையில் கொடுத்து வீடு வீடாக அனுப்பவும் செய்வார்கள்.

குடும்பத்துக்கு ஒரே வாக்கு என்ற நினைப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் பெண்களுக்கு முதன்முதலில் வாக்குரிமை தந்தது சென்னை மாகாணம்தான், 1921-இல். ஆனால் சொத்துத் தகுதி வேண்டும் என்றிருந்ததால் மிகச் சில பெண்களுக்கே அது கிட்டியது. 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் கணவரின் தகுதியை வைத்து மனைவிக்கும் வாக்குரிமை அளித்தது. கணவன் வழியாக அல்லாமல், வயதுவந்தவள் என்ற ஒரே காரணத்தால் எல்லாப் பெண்களுக்கும் வாக்கு வந்தது அரசமைப்புச் சட்டத்துக்குப் பிறகுதான். உங்கள் மாமனாரின் தாயார் காலத்து வழக்கம் இன்னும் அவர் நாவில் இருக்கிறது. அவரைக் கோபிப்பதற்கு முன் இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பிற மதத்தவரை இழிவுபடுத்தும் செய்திகள் வருகின்றன. எதிர்ப்பதா, விலகுவதா, பேசாமல் இருப்பதா?

வருவனவற்றை வகை பிரியுங்கள். ஒரு கட்சியையோ தலைவரையோ புகழ்வது அவர்கள் கருத்து. அதற்குப் பதில் எழுதி உங்கள் மாலைப்பொழுதை வீணாக்க வேண்டாம். பொய்ச் செய்தியாக இருந்தால், அனுப்பியவரைத் தனியே தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள். நாற்பது உறவினர் முன்னிலையில் திருத்தப்பட்ட பெரியப்பா ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டார். தனியே சொன்னால் அவரே நீக்கிவிடுவதும் உண்டு.

ஒரு சமூகத்தையே இழிவாகப் பேசும் செய்தி வந்தால் மட்டும் குழுவிலேயே பதில் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அங்கே மௌனம் சம்மதமாகிவிடும். அதைவிட, அக்குழுவில் இருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைகள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான் என்று நம்பிவிடுவார்கள். நீண்ட விளக்கம் வேண்டாம். "நம்ம வீட்டுப் பிரசவம் பார்த்த டாக்டரும் அந்த மதம்தான் பெரியப்பா, இதை நான் ஏத்துக்கலை" என்று ஒரு வரி போதும். பதிலுக்கு வருகிற ஐந்து செய்திகளுக்கும் மறுமொழி எழுதாதீர்கள். அதன்பிறகு சித்தியோ நாத்தனாரோ உங்களுக்கு மட்டும் தனியே ஒரு கைகூப்பும் படம் அனுப்பினால் வியப்படைய வேண்டாம், எனக்கு வந்திருக்கிறது.

குழுவிலிருந்து விலகுவதை நான் பரிந்துரைப்பதில்லை. மாமாவை மருத்துவமனையில் சேர்த்த செய்தியும் அங்கேதான் வரும். ஒலியை நிறுத்திவையுங்கள். காலை வணக்கப் படங்களுக்கு மட்டும் எந்தக் கொள்கையிலும் தீர்வில்லை.

நான் கோயிலுக்குப் போகிறேன், வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறேன். என்னை எப்படி முற்போக்கு என்று சொல்லிக்கொள்வது?

எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்லிக்கொள்ளலாம். இந்த நகரத்தின் பெண்கள் வரலாற்றை அறியாததால் வருகிற ஐயம் இது.

1886-இல் பிறந்து, சிறு வயதிலேயே விதவையான சகோதரி சுப்புலட்சுமி, மாநிலக் கல்லூரியில் படித்து 1911-இல் பட்டம் பெற்றார். தம்மைப் போன்ற இளம் விதவைகளைப் படிக்கவைக்க விடுதி நடத்தினார். இன்று விவேகானந்தர் இல்லம் எனப்படும் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில்தான் அந்த விதவைகள் தங்கிப் படித்தார்கள். அவர் ஆசாரத்தை முற்றிலும் தூக்கியெறிந்தவர் அல்லர். விடுதியில் ஆசாரமான சமையல் இருந்ததால்தான் பெற்றோர் பெண்களை அங்கே விட்டுச் சென்றார்கள். அதற்காக அவரைக் குறை கூறியவர்களும் உண்டு, அந்தக் குறையில் நியாயமும் உண்டு, ஏனெனில் ஒரு சாதி விதவைகளுக்காகத் தொடங்கிய ஏற்பாடு அது. ஆயினும் தலை மழிக்கப்பட்டு, வீட்டின் பின்கட்டில் கிடந்திருக்க வேண்டிய பெண்கள் ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள்.

திருவல்லிக்கேணியில் வாழ்ந்த வை.மு. கோதைநாயகி அம்மாள் வைணவக் குடும்பத்துப் பெண். ஐந்தரை வயதில் திருமணம், பள்ளிப் படிப்பு இல்லை. அவர் 1925 முதல் தம் வாழ்நாள் முழுவதும் 'ஜகன்மோகினி' இதழை நடத்தினார், நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார், விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார். அவர் பக்தியை விட்டுவிட்டு இவற்றையெல்லாம் செய்யவில்லை. தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் 2021-இல் ஓதுவாராக ஒரு பெண் நியமிக்கப்பட்டார். தேவாரம் பாட வந்தவரைப் பக்தி இல்லாதவர் என்று எவரும் சொல்ல முடியாது.

கடவுள் மறுப்பைத் தம் வழியாகக் கொண்ட பெண்களும் இந்த ஊரில் துணிவுடன் வாழ்ந்திருக்கிறார்கள். அவர்கள் பெற்றுத் தந்தவற்றை நாம் எல்லோருமே அனுபவிக்கிறோம். ஆனால் அந்த ஒரு வழியில் வந்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்பவர்களிடம் நீங்கள் சான்றிதழ் வாங்க வேண்டியதில்லை.

மாதவிடாய் நாட்களில் தனியே உட்காரச் சொல்கிறார்கள். சண்டை போடுவதா?

இன்றைய சென்னையின் இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீட்டில் தனியே உட்கார இடமே இல்லை என்பதால், இந்த வழக்கம் பெரும்பாலும் பூசையறைக்குப் போகாமல் இருப்பதாகவும், ஊறுகாய் ஜாடியைத் தொடாமல் இருப்பதாகவும் சுருங்கிவிட்டது. பூசையறையின் ஒழுங்கு அதைப் பேணும் மாமியாருடையது என்று விட்டுக்கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தரையில் படுக்கவைப்பது, தனித் தட்டு வைப்பது, அலுவலகம் போகக்கூடாது என்பது, பருவமடைந்த மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருப்பது ஆகியவற்றில் ஒரு நாளும் விட்டுக்கொடுக்காதீர்கள். பல வீடுகளில் மிக எளிய வழி, அந்த நாட்களை அறிவிக்காமல் இருப்பதுதான். அதைக் கோழைத்தனம் என்று நான் நினைக்கவில்லை.

வேறு சாதியைச் சேர்ந்தவரைத் திருமணம் செய்ய விரும்புகிறேன். சட்டம் என்ன சொல்கிறது? வீட்டாரிடம் எப்போது சொல்வது?

சட்டம் உங்கள் பக்கம் தெளிவாக இருக்கிறது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறைந்திருந்தால், இருவரின் சம்மதத்துக்கு மேல் குடும்பத்தின் சம்மதமோ சாதியின் சம்மதமோ தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சக்தி வாகினி வழக்கில் கூறியது. இத்தகைய இணையருக்குக் காவல் துறை பாதுகாப்பு தரவேண்டும் என்றும் அதே தீர்ப்பில் கட்டளையிட்டது.

இருவரும் இந்துக்களானால், தமிழ்நாட்டில் உள்ள ஒரு தனி வழி உங்களுக்கு உண்டு. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், இந்து திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவைச் சேர்த்தது. உறவினர் அல்லது நண்பர் முன்னிலையில், ஒருவரை ஒருவர் துணையாக ஏற்பதாக இருவருக்கும் விளங்கும் மொழியில் சொல்லி, மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ திருமணம் செல்லும், புரோகிதர் தேவையில்லை. இதைப் பலரறிய நடத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் தெளிவுபடுத்தியது. திருமணத்தைப் பதிவு செய்வது 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம் என்பதால், 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.

இருவரும் வெவ்வேறு மதமானால், மதம் மாறாமல் மணக்க 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்தான் பொதுவான வழி. ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாட்கள் வசித்திருக்க வேண்டும்; அறிவிப்புக் கொடுத்து 30 நாட்கள் காத்திருக்க வேண்டும்; திருமணத்தன்று மூன்று சாட்சிகள் வேண்டும். அறிவிப்பு அலுவலகத்தில் ஒட்டப்படுவதால், உறவினர் கண்ணில் படும் வாய்ப்பு உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டாரிடம் எப்போது சொல்வது என்பதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. உங்கள் வீட்டில் அழுகையும் பட்டினியும் ஆறு மாத மௌனமும்தான் வரும் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். பெற்றவர்களுக்கு அழுது தீர்க்கக் காலம் வேண்டும், அந்தக் காலத்தைத் தருவது உங்கள் பெருந்தன்மை. வன்முறை வரும் என்ற சந்தேகம் சிறிதளவு இருந்தாலும், பதிவு முடிந்து, பாதுகாப்பான இடத்துக்குச் சென்ற பிறகே சொல்லுங்கள். "எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் செய்ய மாட்டார்கள்" என்ற நம்பிக்கையை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். தமிழ்நாட்டில் ஆணவக் கொலைக்குப் பலியானவர்களில் பலர் தம் வீட்டாரைப் பற்றி அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

அப்பாவின் வீட்டை அண்ணன் பெயருக்கு மாற்ற, என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். மறுத்தால் பிறந்தகமே இல்லாமல் போய்விடுமோ?

எனக்கு வரும் கேள்விகளில் மிகுதியானது இதுவே. நம் சுற்றத்தில் மாறுபட்ட கருத்துக்குக் கொடுக்கவேண்டிய விலை அரசியல் பேச்சில் வருவதைவிட இந்த ஒரு கையெழுத்தில்தான் அதிகமாக வருகிறது.

இந்துக் குடும்பங்களில், தந்தை உயில் எழுதாமல் இறந்தால் அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாய் ஆகியோருக்குச் சம பங்கு என்பது 1956 முதலே சட்டம். பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பால் உரிமை என்பதைத் தமிழ்நாடு 1989-இலேயே கொண்டுவந்தது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் மணமான மகள்கள் விடுபட்டார்கள். 2005-இல் நாடாளுமன்றம் செய்த திருத்தம் அந்த வேறுபாட்டையும் நீக்கியது. திருத்தம் வந்த நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. கிறித்தவக் குடும்பங்களில் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. முஸ்லிம் குடும்பங்களில் மகளின் பங்கு மகனுடையதில் பாதி. அந்தப் பாதியையும் கேட்காமல் விட்டுவிடும் பெண்கள் பலர்.

பத்திரம் பதிவாகிவிட்டால் அதைப் பின்னர் மாற்றுவது மிகக் கடினம். எனவே பதிவாளர் அலுவலக வாசலில் முதன்முறையாகப் படிக்காதீர்கள். நகலை வீட்டுக்கு எடுத்துச் சென்று, அண்ணனின் வழக்கறிஞர் அல்லாத வேறொருவரிடம் காட்டுங்கள். "உன் கல்யாணத்துக்கு அவ்வளவு செலவு பண்ணினோமே" என்பார்கள். சீருக்கும் பங்குக்கும் சட்டத்தில் எந்தக் கணக்கும் இல்லை. அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட அண்ணனுக்கு, மதிப்பு என்ன என்று தெரிந்துகொண்டே ஒரு பகுதியை விட்டுக்கொடுத்த பெண்களை அறிவேன். அவர்கள் செய்தது கொடை. தெரியாமல் இடும் கையெழுத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது. பிறந்தகம் போய்விடுமோ என்ற அச்சம் பொய்யில்லை; சில வீடுகளில் போய்விடுகிறது. ஆனால் கையெழுத்துப் போட்டவர்களிலும் பலருக்கு, தாய் மறைந்த பிறகு அந்த வீட்டில் பொங்கலுக்குக்கூட அழைப்பு வருவதில்லை என்பதையும் பார்த்திருக்கிறேன்.

எனக்குச் சொந்த வருமானம் இல்லை. கருத்து வைத்துக்கொள்ள எனக்கு என்ன தகுதி என்கிறார் கணவர்.

தகுதிக்கும் வருமானத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் கையில் பணம் இல்லாத கருத்து வீட்டில் சீக்கிரம் களைத்துப்போகிறது என்பதும் உண்மை. உங்கள் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். அதன் கடவுச்சொல் மகனிடம்கூட இருக்கக்கூடாது. 2023 செப்டம்பர் முதல் தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை அவர்கள் கணக்கிலேயே வருகிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. என் வட்டத்தில் இவற்றை இலவசம் என்று எள்ளி நகையாடுவார்கள். பேருந்துக்குக் காசு கேட்கும்போதே "எங்கே போறே?" என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்த பெண்ணிடம் கேட்டுப் பார்த்தால் அந்த நகைப்பு நின்றுவிடும்.

திருமணமாகாமல் தனியே வசிக்க விரும்புகிறேன். வீடு கிடைக்குமா?

"ஃபேமிலிக்கு மட்டும்" என்ற பலகையை மேற்கு மாம்பலத்திலும் திருவல்லிக்கேணியிலும் எத்தனையோ வாசல்களில் காண்பீர்கள். சாதியையும் உணவையும் கேட்டபிறகே சாவி தருபவர்களும் உண்டு. வேலைக்குச் செல்பவரானால், அரசின் 'தோழி' விடுதிகள் தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் உள்ளன. இரண்டு தோழிகள் சேர்ந்து, பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய அடுக்குமாடிகளில் தேடினால் கேள்விகள் குறைவாக இருக்கும். பெற்றோர் வீட்டிலிருந்து ஒரு பேருந்து தூரத்தில் பாருங்கள். பிரிந்து போய்விட்டாள் என்ற பேச்சு எழாது, உங்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு கிடைக்கும்.

அடிக்கிறார். அரசியல் பேசுவதால்தான் அடி விழுகிறது என்கிறார் மாமியார்.

அடிக்கக் காரணம் எதுவும் கிடையாது. 181 என்ற மகளிர் உதவி எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, வீடு யார் பெயரில் இருந்தாலும் நீங்கள் குடும்பம் நடத்திய வீட்டில் தங்கும் உரிமை உங்களுக்கு உண்டு; மாமனார் பெயரில் உள்ள வீட்டுக்கும் இது பொருந்தக்கூடும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. இந்தப் பக்கத்தில் பொறுமை பற்றி நான் எழுதிய எதுவும் உங்களுக்குப் பொருந்தாது.

பேச்சாளர் கூட்டங்களுக்கும் வாசிப்பு வட்டங்களுக்கும் போனால், அங்கேயும் நெற்றிக் குங்குமத்தைப் பார்க்கிறார்கள். எனக்கு எங்கேதான் இடம்?

இந்தப் புகாரை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். நம் முற்போக்கு வட்டங்களிலும் சாதியை முகத்தில் படிக்கும் பழக்கம் இருக்கிறது. மேடையில் பெண் விடுதலை பேசுபவருக்கு உள்ளறையில் தேநீர் போடுவது அவர் மனைவியாகவே இருப்பதும் உண்டு. அதே நேரத்தில், அங்கே உங்களை ஐயத்துடன் பார்ப்பவருக்கும் ஒரு நியாயம் இருக்கலாம். உங்கள் சமூகத்தாரால் தெருவுக்குள் விடப்படாதவரின் பேரனாக அவர் இருக்கக்கூடும். முதல் கூட்டத்திலேயே உங்களை நிரூபிக்க முயலாதீர்கள். நாற்காலி அடுக்குங்கள், கேளுங்கள், மறுமுறையும் போங்கள்.

பழமை பேசும் உறவினர் தரப்பில் நியாயமே இல்லையா?

நிறைய இருக்கிறது. நள்ளிரவில் ஆம்புலன்ஸ் அழைத்தால் கூட வருபவர் யார்? பிரசவத்துக்குப் பின் மூன்று மாதம் பத்தியம் சமைப்பவர் யார்? என்னோடு கொள்கையில் ஒன்றுபட்ட நண்பர்கள் அன்பானவர்கள், ஆனால் அவர்கள் சோழிங்கநல்லூரிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். என்னோடு எதிலும் ஒன்றுபடாத ஓரகத்தி மூன்றாவது வீட்டில் இருக்கிறாள். தம் வழக்கங்கள் அழிகின்றன, பிள்ளைகள் கடல் கடந்து போய்விட்டார்கள், தம்மைக் கேலி செய்யாத திரைப்படம் இல்லை என்று முதியவர்கள் சொல்வதில் உண்மையான துயரம் இருக்கிறது. அந்தத் துயரத்தை எடுத்துக்கொண்டு, அதற்குக் காரணம் பக்கத்துத் தெரு மசூதி என்று சொல்லிக்கொடுப்பவர்களிடம்தான் என் சண்டை. துயரத்தைக் காது கொடுத்துக் கேட்க ஆளிருந்தால், அந்தப் பாடம் அவ்வளவு எளிதில் ஏறாது என்பது என் அனுபவம். அது எல்லோரிடமும் பலிக்கவில்லை.

தாத்தா பாட்டி அரசியல் பேசும்போது குழந்தைகள் முன் மறுத்துப் பேசலாமா?

பேசலாம், மரியாதையோடு. "தாத்தா அப்படி நினைக்கிறார், நான் இப்படி நினைக்கிறேன்" என்று குழந்தை கேட்டு வளர்ந்தால், பெரியவர்களுக்குள் கருத்து மாறுபட்டும் ஒரே பந்தியில் உட்காரலாம் என்று கற்றுக்கொள்ளும். தாத்தா இல்லாத நேரத்தில் அவரை இழித்துப் பேசாதீர்கள். குழந்தை அதை அப்படியே அவரிடம் ஒப்பிக்கும்.

மாநகராட்சித் தேர்தலில் நிற்க ஆசை. எங்கள் ஆட்கள் ஏற்பார்களா?

நீங்கள் நினைப்பதைவிட அதிகம் பேர் ஏற்கக்கூடும். 1927-இல் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்ட மேலவைக்குள் நுழைந்தபோது அவர் ஒருவரே பெண். இன்று சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்படுகிறது. மூன்றில் ஒரு பங்காக இருந்ததைப் பாதியாக உயர்த்தும் சட்டம் 2016-இல் வந்தது. ஆனால் பெண் உறுப்பினரின் கைப்பேசியைக் கணவர் எடுத்துப் பேசும் வழக்கம் எல்லாக் கட்சியிலும் இருக்கிறது. அதைத் தொடக்கத்திலேயே மறுத்துவிடுங்கள்.

சட்டமன்றத் தேர்தலில் கொள்கை பார்க்கும் உறவினர்கள், வார்டுத் தேர்தலில் மழைநீர் வடிகாலையும் மெட்ரோ குடிநீரையும் பார்க்கிறார்கள். டிசம்பர் மழையில் எந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்று சொல்லத் தெரிந்த பெண்ணுக்கு, அவள் அரசியல் பிடிக்காதவர்களும் வாக்களிப்பார்கள். வயது 21 நிறைந்து, மாநகராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். முன்மொழிபவர் அந்த வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். வேட்புமனுவுடன் தரும் உறுதிமொழிப் பத்திரத்தில் கணவரின் சொத்து விவரமும் கேட்கப்படும் என்பதால், வீட்டில் சொல்லாமல் மனு தாக்கல் செய்ய இயலாது. முதலில் அவரிடம் பேசிவிடுங்கள்.